வண்டிக்காரன் ஊருணிக்கு நாலு தெரு

புதுக்கோட்டை ஸ்டேஷனுக்கு எதிரே கிடந்த பொட்டலில் நூற்று நாற்பத்து நாலு மனைகள் போடுவதென்று முடிவாகி, அதற்கென்று 1937-ஆம் வருஷம் சித்திரையில் ஒரு விஸ்தரிப்புக் கமிட்டி ஏற்பட்டது. கமிட்டியின் ஆபீஸ் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் மூன்று பேர் உட்கார்ந்து வேலை பார்த்தோம். காரியதரிசி ஆண்டியப்பன், முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்துப் பென்ஷன் வாங்கியவர். பிளான் போடுகிறவர் ஆத்மநாதன். ஆவுடையார்கோவில் பக்கத்துக்காரர், பட்டணம் போய் நகர அமைப்பு படித்து வந்தவர், வயது இருபத்தெட்டு. அவர் பென்சிலில் போடுவதை டிரேசிங் துணியில் மையால் எழுதுகிற டிராப்ட்ஸ்மன் நான், திருப்பதி. வெளியே சங்கிலி பிடித்து அளக்க மூக்கன் என்று ஒருவர் இருந்தார். அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

ரயில் வந்து எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் டவுன், போன தீபாவளிச் சட்டை இந்தத் தீபாவளிக்குப் பற்றாத பிள்ளை மாதிரி வளர்ந்துவிட்டது. ஆலங்குடியிலிருந்தும் கீரமங்கலத்திலிருந்தும் ஆட்கள் வந்து வாடகைக்கு வீடு கேட்டு அலைந்தார்கள். ஒரு வீட்டில் நாலு குடித்தனம், ஒரு குடித்தனத்தில் ஒன்பது பேர். ஆகையால் மனைக்கு அடிதடியே நடக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

வைகாசியில் ஆத்மநாதன் முதல் பிளானை மேஜைமேல் விரித்தார். நூற்று நாற்பது மனைகள். நட்டநடுவில் ஒரு கட்டம் மட்டும் நீல வர்ணத்தில் இருந்தது.

ஆண்டியப்பன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "இது என்ன நீலம்?"

"வண்டிக்காரன் ஊருணிங்க."

"அது தெரியுது. பிளானுல எதுக்கு இருக்குன்னு கேக்குறேன்."

"குடிக்கத் தண்ணி வேணுமேங்க. வீட்டுக்கு ஆறு பேருன்னு வெச்சாலும் எண்ணூறு பேருக்கு மேல ஆகுது. பொட்டல்ல ஏழு எடத்துல தோண்டிப் பாத்தாச்சு. ஏழும் உப்பு. ஊருணித் தண்ணி ஒண்ணுதான் வாயில வெக்கிற மாதிரி இருக்கு."

"கொழாய் வரும்."

"எப்பங்க வரும்?"

"வரும்னா வரும். ஆத்மநாதன், கமிட்டி நூத்தி நாப்பத்து நாலுன்னு தீர்மானம் போட்டிருக்கு. நான் அதுல கையெழுத்துப் போட்டிருக்கேன். ஊருணியத் தூத்துட்டா அதுல நாலு மனை வருது. நூத்தி நாப்பதும் நாலும் எவ்வளவு?"

ஆத்மநாதன் பென்சிலின் முனையைப் பார்த்தார். இரண்டாம் வகுப்புக் கணக்கை வயசு வந்த ஆளிடம் கேட்டால் அப்படித்தான்.

"தெரு எப்படிப் போகணுங்கிறது உங்க இஷ்டம். அதுல நான் தலையிட மாட்டேன். மனை மட்டும் நூத்தி நாப்பத்து நாலு இருக்கணும். நீலத்த எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுக் காரியதரிசி காபி சாப்பிடப் போனார்.

அன்று சாயங்காலம் ஊருணியை அளக்கப் போனோம். கிழமேல் நூற்றிருபது அடி, தென்வடல் நூற்றைம்பது அடி. அந்தக் காலத்துப் பாரவண்டிக்காரர்கள் மாடு தண்ணீர் குடிக்கவென்று வெட்டியது. பிறகு மாடுகளுக்குத் தனியாகக் குழி வெட்டிவிட்டு, இதை மனிதர்களுக்கென்று வைத்துக்கொண்டார்களாம். கரையில் மருதாயி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஸ்டேஷன் காபி கிளப்புக்கு ஒரு நாளைக்கு இருபது நடை தண்ணீர் எடுப்பவள். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று, வாயில் ஓயாத பேச்சு.

"என்ன மூக்கா, சங்கிலிய இழுத்துக்கிட்டு இங்கிட்டு வந்துட்டே? ஊருணி எங்கிட்டாச்சும் ஓடிப்போயிரும்னு கட்டி வெக்கப் போறியா?"

"ஓடல ஆத்தா, மூடப் போறாக" என்றார் மூக்கன்.

மருதாயி இடுப்புக் குடத்தை இறக்கி வைத்துவிட்டாள். "எவன் மூடுறது?"

மூக்கன் ஆத்மநாதனைப் பார்த்தார். ஆத்மநாதன் என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"கமிட்டிங்க" என்றார் ஆத்மநாதன் கடைசியில். "நாலு மனை போடணுமாம்."

"நாலு வீட்டுக்காரன் இதுல குடியிருக்கப் போறான். சரி. மத்த ஊரெல்லாம் எங்க போயிக் குடிக்கிறது? தம்பி, நீங்கதானே படம் போடுறது?"

"நான்தாங்க."

"படம் போடத் தெரிஞ்ச கைக்கு ஒரு ஊருணிய விட்டுவெக்கத் தெரியலயாக்கும்" என்று சொல்லி அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆத்மநாதன் வரும் வழியெல்லாம் ஊருணியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவர் பட்டணத்தில் படித்ததற்குக் காரணமே தண்ணீர்தான் என்று முன்பு ஒரு தடவை எனக்குச் சொல்லியிருந்தார். அவருடைய ஊரில் ஒரு வருஷம் பேதி வந்தபோது, கெட்ட கிணற்றைச் சுற்றியிருந்த தெரு மட்டும் பாதி காலியாயிற்றாம். தெருவை யார் போடுகிறார்களோ அவர்கள் கையில்தான் உயிர் இருக்கிறது என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியதாம். இப்போது அந்த வேலைக்கே வந்து, நல்ல தண்ணீரைத் தம் கையாலேயே மூட வேண்டியதாயிற்று.

அடுத்தது பதினேழாம் நம்பர் மனையின் சங்கதி.

முழுப் பிளானும் முடிவதற்குள் கிழக்கு ஓரத்து நாற்பது மனைகளுக்கு மட்டும் ஆனியிலேயே நோட்டீஸ் போட்டுவிட்டார் காரியதரிசி. வேண்டியவர்கள் மனை நம்பரைக் குறித்து மனுக் கொடுக்க வேண்டும். கொட்டகை வாசலில் கூட்டமான கூட்டம். மூன்றே நாளில் முப்பத்தொன்பது மனைகளுக்கு மனு வந்துவிட்டது. பதினேழுக்கு மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

ஆத்மநாதனுக்கு விளங்கவில்லை. நல்ல மேடு, நல்ல காற்று, ஸ்டேஷனுக்கும் கிட்டே. இரண்டாம் நாள் மனுவோடு வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் அதைக் காட்டி, "இத எடுத்துக்குங்களேன், இருபத்தி ரெண்டவிட ஒசத்தி" என்றார்.

வாத்தியார் பிளானைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கெடையாதுங்க. ஆனா வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க. இருபத்தி ரெண்டே இருக்கட்டும்."

பின்னாலேயே வந்த ரயில்வே கிளார்க்கும், "எனக்கொண்ணுமில்லைங்க, எங்க அம்மாவுக்குத்தான்" என்றார். அதற்கும் பின்னால் வந்தவர் நாகராசு. பினாங்கில் பன்னிரண்டு வருஷம் கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பியவர். கையில் தங்கக் கடிகாரம், காலில் பூட்ஸ். "நான் கடல் தாண்டினவன் சார். நல்ல நேரம் கெட்ட நேரம் எல்லாத்தையும் கப்பல்லயே போட்டுட்டு வந்துட்டேன். எது வேணும்னாலும் குடுங்க" என்றார். ஆத்மநாதன் சந்தோஷமாகப் பதினேழைக் காட்டினார். நாகராசு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "பதினெட்டு இருக்கா?" என்றார்.

அவர் போன பிறகு மூக்கன் விளக்கினார். "தெருக்குத்து சார். வடக்கேருந்து வர்ற தெரு நேரா வந்து பதினேழு வாசல்ல முட்டுது பாருங்க. அந்த வீட்டுல குடியிருக்கவன் நெஞ்சுல தெரு வந்து குத்துதுன்னு அர்த்தம். சும்மா குடுத்தாலும் வேணாம்பாங்க."

"எனக்கும் தெரியும் மூக்கன். எங்க ஊர்லயும் உண்டு. வாத்தியாரும் கிளார்க்கும் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"அவுகதான் சார் மொதல்ல பாப்பாக. நாங்களாச்சும் கேட்டுட்டுப் பாப்போம்."

ஆத்மநாதன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். பென்சிலைக் காதில் செருகினார், எடுத்தார், மறுபடி செருகினார். கால்மணி நேரம் பிளானின் நடுப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புதுக் காகிதம் ஒன்றை எடுத்துப் பலகையில் ஊசி குத்தினார்.

முதலில் பதினேழை முட்டிய தெருவைச் சற்றே வளைத்து அந்த மனையைத் தப்பவைத்தார். அடுத்து ஊருணி இருந்த கட்டத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் கோடு போட்டு நாலு மனையாக்கினார். அறுபத்தொன்று முதல் அறுபத்து நாலு வரை நம்பர் கொடுத்தார். அதைச் சுற்றி ஒரு தெரு விட்டார். கடைசியாக நாலு திசையிலிருந்தும் நாலு பெரிய தெருக்களைக் கொண்டுவந்தார். நாலும் நடுவுக்கு வரவில்லை. ஒவ்வொன்றும் முப்பதடி தள்ளி வந்தது. பிள்ளைகள் ஓலையில் செய்கிற காற்றாடி மாதிரி இருந்தது. கீழைத் தெரு அறுபத்தொன்றில் முட்டியது. தெற்குத் தெரு அறுபத்திரண்டில். மேலைத் தெரு அறுபத்து மூன்றில். வடக்குத் தெரு அறுபத்து நாலில்.

"சார்" என்றேன். "நாலு மனையும் தெருக்குத்து."

"ஆமா."

"வேற ஒரு மனைக்குக்கூடக் குத்து இல்ல."

"ஆமா திருப்பதி. வண்டி நேரா வேகமா ஓடாது. ஊருணிகிட்ட வந்து மெதுவாத் திரும்பும். பிள்ளைங்க நடமாடுற எடத்துல அது நல்லது. அதுவும் போக, ஒரு நீளத் தெரு முடியிற எடத்துல எல்லாருக்கும் பொதுவா ஏதாச்சும் இருக்கணும்னு எங்க புரொபசர் சொல்லுவாரு."

"தெருக்குத்த நீங்க நம்புறீங்களா சார்?"

"நான் நம்பல. குடியிருக்கப் போறவங்க நம்புறாங்க. அவங்களுக்குத்தானே ஊரு போடுறோம்? மத்த நூத்தி நாப்பது பேருக்கும் அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி மனை இருக்கு" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார்.

அவர் ஒன்றையும் மறைக்கவில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும். பிளானோடு வைத்த அறிக்கையில் மூன்றாம் பாராவில், நாலு பெரிய தெருக்களும் 61, 62, 63, 64 ஆகிய மனைகளின் முகப்பில் முடிகின்றன என்று எழுதியிருந்தார். அதை நான்தான் நல்ல எழுத்தில் பிரதி எடுத்தேன். ஆண்டியப்பன் மூன்றாம் பாரா வரை போகவில்லை. பென்சிலை வைத்துக்கொண்டு மனைகளை ஒன்று ஒன்றாக எண்ணினார். நூற்று நாற்பத்து நாலு இருந்தது. நீலம் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆவணியில் முழுப் பிளானுக்கும் முதல் நோட்டீஸ். நூற்று நாற்பது மனைகளுக்கும் மனு. நாலுக்கு இல்லை. ஐப்பசியில் இரண்டாவது நோட்டீஸ். ஒரு மனுவும் வரவில்லை. கமிட்டி விதிகளில் பதினாலாவது விதி இப்படி: மூன்று முறை நோட்டீஸ் போட்டும் மனு நிலுவையில் இல்லாத மனையைப் பொது உபயோகத்துக்கு விட்டுவிட வேண்டியது. கோணல்மாணலாக மிஞ்சும் மூலை நிலங்களை உத்தேசித்து ஆண்டியப்பனே எழுதிச் சேர்த்த விதி. மூன்றாவது நோட்டீஸுக்குக் கெடு மாசி முப்பது.

கார்த்திகையில் ஒருநாள் காலை, காரியதரிசி பிளானை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் திரும்பி வந்தபோது அவர் முகம் மிளகாய்ப்பழம் மாதிரி இருந்தது. வீட்டில் அவர் மனைவி சொர்ணவல்லி, சாதம் போடும்போது எட்டிப் பார்த்து, "என்னங்க இது, நாலு தெருவும் ஒரே எடத்துல வந்து குத்துது? யாரு இந்த எடத்த வாங்குவா?" என்றாராம்.

"நாலு மனையவும் குத்திப்புட்டீரே ஐயா!" என்று ஆண்டியப்பன் மேஜையைத் தட்டினார்.

"மூணாம் பாராவுல எழுதியிருக்கேங்க."

"மூணாம் பாராவ யாரு படிக்கிறது?"

ஆனால் ஆண்டியப்பன் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவர். சற்று நேரம் நடந்தார். நின்றார். சிரித்தார்.

"தெருக்குத்துக்கு மருந்து என்ன, மூக்கா?"

"பிள்ளையாருங்க" என்றார் மூக்கன், யோசிக்காமலே. அவருக்குத் தெரிந்ததைக் கேட்டால் மறைக்கத் தெரியாது.

"தெரு முட்டுற எடத்துல பிள்ளையார வெச்சுட்டா?"

"குத்து அவரோட போயிரும். மனைக்கு ஒண்ணும் இல்லைங்க."

"அவ்வளவுதான். நாலு தெரு, நாலு பிள்ளையார். தைக்குள்ள வெச்சாகணும்."

ஆத்மநாதன் முகத்தில் ஈயாடவில்லை. மூக்கன் வெளியே போய்த் தன் தலையில் தானே ஒரு குட்டுப் போட்டுக்கொண்டார். "வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்தேனா சார்" என்று என்னிடம் ஒரு வாரம் புலம்பினார்.

குடுமியான்மலைப் பக்கத்துக் கல்தச்சர் தங்கமுத்துவிடம் நாலு பிள்ளையார் சொல்லியாயிற்று. அவர் ஊருணிக் கரையைப் பார்க்க வந்தபோது, இடம் குறித்து அடித்திருந்த நாலு முளைகளையும் காட்டினோம். ஒவ்வொரு பிள்ளையாரும் தெருவைப் பார்த்து, ஊருணிக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும்.

"ஒரு ஊருணிக்கு நாலு பேரா? ஒருத்தரை ஒருத்தர் பாக்க முடியாம உக்காருவாகளே" என்றார் தங்கமுத்து. "சண்டை போட்ட பங்காளிக மாதிரி இருக்குமே."

"அண்ணன் தம்பி பிரச்சினையில்ல, ஒரே ஆளுதான்" என்றார் மூக்கன்.

ஆத்மநாதன் காரியதரிசியிடம் ஒரு யோசனையும் சொன்னார். கரையில் பீடம் கட்டிவிட்டுப் பிறகு ஊருணியைத் தூர்த்தால் பீடம் அசையும், ஆகையால் முதலில் மண் நிரப்பிக் கெட்டித்துவிட்டுப் பிள்ளையாரை வைப்பதுதான் சரி என்றார். அது நிஜமான யோசனை. அதனால் ஊருணி போய்விடும் என்று தெரிந்தேதான் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது.

"மண்ணு கெட்டிக்க எத்தனை மாசம் ஆகும்?"

"ஒரு மழை பாக்கணுங்க."

"மாசி முப்பதுக்குள்ள எனக்கு மனு வரணும். மொதல்ல பிள்ளையாரு. அப்புறம் மண்ணு" என்று முடித்துவிட்டார் ஆண்டியப்பன்.

தை பத்தாம் தேதி பிரதிஷ்டை. மேளம், வாழைமரம், சுண்டல். புது மனைக்காரர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அன்றைக்கே நாகராசு, பிளானில் நம்பரை மட்டும் பார்த்து எழுதிய ஒரு மனுவைக் கொண்டுவந்து நீட்டினார். அறுபத்தொன்று முதல் அறுபத்து நாலு வரை நாலு மனையும் சேர்த்து வேண்டும், அங்கே ரயிலில் வருகிறவர்கள் தங்க ரூம்களும் பெரிய சாப்பாட்டுக் கிளப்பும் கட்டப்போவதாக எழுதியிருந்தார். காரியதரிசி அவருக்குத் தம் கையாலேயே சுண்டல் கொடுத்தார்.

அபிஷேகத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்றார் குருக்கள். மருதாயி ஊருணியில் இறங்கிக் குடத்தை முக்கி எடுத்துக்கொண்டு வந்தாள். வருகிற வழியில் காரியதரிசி வீட்டு அம்மாள் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். பிள்ளையார வெச்சா ஒரு மண்டலம் அபிசேகம் உண்டுல்ல?"

"உண்டே. நாப்பத்தெட்டு நாளு."

"நாலு பேருக்கும்?"

"நாலு பேருக்கும்தான். அதென்ன ஒருத்தருக்கு மட்டும்?"

"அதுக்குத் தண்ணி?"

சொர்ணவல்லி அம்மாள் ஊருணியைக் கை காட்டினார். "இருக்கே."

"இருக்குல்ல?" என்றாள் மருதாயி. அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் நின்றதை நான் அன்று ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து விடிந்ததும் புது மனைப் பெண்கள் வரிசை கட்டினார்கள். ஆளுக்கொரு குடம். சொர்ணவல்லி அம்மாள் மகள் கலியாணத்துக்காக நாற்பத்தெட்டு நாளும் தம் கையால் தண்ணீர் எடுத்து ஊற்றுவதாக நேர்ந்துகொண்டுவிட்டார். முதல் நாள் குடத்தைத் தூக்கத் தெரியாமல் பாதித் தண்ணீரை மருதாயி தலையில் கொட்டினார். நாலாம் நாள் அவருக்கே இடுப்பு பழகிவிட்டது.

இரண்டாவது வாரம் காரியதரிசி சொன்னபடி மண் வண்டிக்காரர் இருளாண்டி ஆறு வண்டி செம்மண்ணோடு வந்து சேர்ந்தார். ஆண்டியப்பனும் நாங்களும் கரையில் நின்றிருந்தோம். இருளாண்டி மாட்டை நிறுத்தினார், இறங்கினார், தலைத்துண்டை அவிழ்த்தார், பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் மூன்று போட்டார். மறுபடி வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"என்ன உக்காந்துட்டே? மண்ணக் கொட்டு" என்றார் காரியதரிசி.

"எங்கிட்டுக் கொட்டுறதுங்க?"

"ஊருணியில."

"சாமி குளிக்கிற தண்ணியிலயா? நீங்க வேணும்னா ஒரு கூடை கொட்டுங்க. பாத்துட்டு நாங்க கொட்டுறோம்."

ஆண்டியப்பன் கூடையைப் பார்த்தார். அப்புறம் வரிசையைப் பார்த்தார். வரிசையில் ஏழாவதாக, ஈரப் புடவையோடு, இடுப்பில் குடத்தோடு அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார்.

"நீயுமா?" என்றார்.

"நீங்கதானே பிள்ளையார வெச்சீங்க?" என்றார் சொர்ணவல்லி அம்மாள். "வெச்சுட்டுத் தண்ணி ஊத்தாம விடுறதா?"

"சரி, மண்டலம் முடியட்டும். அப்புறம் தூத்துக்கலாம்."

"ஏன், மண்டலம் முடிஞ்சா பிள்ளையாருக்குத் தாகம் நின்னு போயிருமா?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் வண்டிமாடு ஒன்று மிரண்டு பின்வாங்கியது. செம்மண் ஆறு வண்டியும் மேலைத் தெருவின் பள்ளத்துக்குப் போயிற்று. பள்ளம் நிரம்பியதில் ஆத்மநாதனுக்குச் சந்தோஷம்; ஆனால் நாகராசுவின் மனு இன்னும் பெட்டியில் இருந்தது. அது இருக்கும் வரை ஊருணி அவர் மனைதான். இன்றில்லாவிட்டால் நாளை, வேறு ஆளை வைத்தாவது மூடிவிடலாம். மாசி பிறந்து தேதி ஓட ஓட, ஆத்மநாதன் சாப்பாட்டுக்குக்கூடச் சரியாகப் போகவில்லை.

மாசி இருபத்தாறாம் தேதி நாகராசு தம் மனையைப் பார்க்க வந்தார். கட்டடக் கொத்தனார் ஒருவரையும் கூட்டி வந்திருந்தார். கையில் பிளானின் பிரதி. நானும் ஆத்மநாதனும் மேலைத் தெருவில் முளை அடித்துக்கொண்டிருந்தோம். மருதாயி பதினைந்தாம் நடைக்கு வந்துகொண்டிருந்தாள்.

நாகராசு பூட்ஸ் காலோடு கரையில் ஏறி நின்று, அவளைக் கூப்பிட்டார். "ஏம்மா, காபி கிளப்புக்குத் தண்ணி எடுக்கிறது நீதானே? எனக்கும் எடுக்கணும். நூறு பேரு சாப்பிடுற கிளப்பு. ஒரு நாளைக்கு எத்தனை குடம் எடுப்பே?"

"எத்தனை வேணும்னாலும் எடுக்கலாம். எங்கேருந்து எடுக்கிறது?"

"என்ன கேள்வி இது? இந்தா, காலடியில ஊருணி கெடக்கு."

"கிளப்பு எங்க கட்டப் போறீங்க?"

நாகராசு பிளானை விரித்தார். "அறுபத்தொண்ணுலேருந்து அறுபத்து நாலு. இந்த ஊருணிக்குப் பக்கத்துல எங்கயோ வருது. இந்தப் பிளானுல ஊருணி எங்க இருக்குன்னு தெரியல; விட்டுட்டாங்க போல." அவர் எங்களைப் பார்த்துக் கூப்பிட்டார். "சார், என் மனை இங்கேருந்து எந்தப் பக்கம்?"

ஆத்மநாதன் முளையைக் கீழே போட்டுவிட்டு வந்தார். "நீங்க அதோட கரையிலதான் நிக்கிறீங்க."

"கரையிலன்னா?"

"தண்ணிதாங்க உங்க மனை. நாலும்."

நாகராசு தண்ணீரைப் பார்த்தார். பிளானைப் பார்த்தார். அதைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"அப்ப ஊருணி?"

"தூத்துட்டுத்தான் கிளப்புக் கட்டணும்."

"அப்ப தண்ணி?"

"அதத்தானே நானும் கேட்டேன், எங்கேருந்து எடுக்கிறதுன்னு" என்றாள் மருதாயி. "ஊருணிய மூடி மேல அடுப்ப வெச்சுக்கிட்டு, ஊருணியிலேருந்து தண்ணி கொண்டான்னா, நான் என்ன பினாங்குக்கா போயி மொண்டுட்டு வருவேன்?"

கொத்தனார் முதுகைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார். நாகராசுவுக்கு முதலில் கோபம் வந்தது. ஆனால் வியாபாரிக்குக் கோபம் வெகுநேரம் நிற்பதில்லை. ஊருணியை ஒரு சுற்றுச் சுற்றினார். நாலு தெருவும் வந்து சேர்வதைப் பார்த்தார். வண்டிகள் மெதுவாகத் திரும்புவதையும், திரும்பும்போது வண்டிக்காரன் இறங்கிக் கும்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடிப்பதையும் பார்த்தார்.

"சார், இதுக்கு எதிர்த்தாப்புல இருக்கிற மனை யாருது?"

"அம்பத்தெட்டு. அந்த ரயில்வே கிளார்க்கு ஆவணியில வாங்கினது."

"அவருக்கு என் பதினெட்டக் குடுத்துட்டு நான் அத வாங்கிக்கிறேன். ஸ்டேஷனுக்குக் கிட்ட, அவருக்கும் சௌகரியம். நாலு தெருச் சனமும் தண்ணிக்கு வந்துதானே ஆகணும்? வந்தா காபி வாசனை புடிக்காமயா போகும்?" என்று சொல்லிவிட்டு, மனுவைத் திரும்ப வாங்கக் கொட்டகைக்கு நடந்தார். ஆத்மநாதன் அவரை முந்திக்கொண்டு நடந்தார் என்று சொல்வதுதான் சரி.

மாசி முப்பதாம் தேதி மாலை ஐந்து மணி வரை காத்திருந்தோம். ஒருவரும் வரவில்லை. ஐந்து அடித்ததும் ஆண்டியப்பன் விதிப் புஸ்தகத்தைத் திறந்து பதினாலாவது விதியை ஒரு தடவை தமக்குள்ளும் ஒரு தடவை வாய்விட்டும் படித்தார்.

"எழுதும், திருப்பதி. மனை 61 முதல் 64 வரை, மூன்று முறை நோட்டீஸ் போட்டும் மனு நிலுவையில் இல்லாதபடியால், பொது உபயோகத்துக்கு விடப்படுகிறது." கொஞ்சம் நிறுத்தினார். "என்ன பொது உபயோகம்னு எழுதணுமா?"

"எழுதினா நல்லதுங்க" என்றார் ஆத்மநாதன்.

"குடிதண்ணீர் ஊருணி. எழுதும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நூத்தி நாப்பத்து நாலு மனை போட்டது போட்டதுதான். நாலு மனையில தண்ணி இருக்கு, அவ்வளவுதான். இனிமே பிள்ளையாருக்கு வர்றவங்க வழுக்கி விழாம இருக்கணும். எங்க வீட்டுக்காரி நேத்து அங்க விழுந்துட்டா. ஆத்மநாதன், படி கட்டறதுக்கு ஒரு பிளான் போடும். மூணு பாராவுக்குள்ள இருக்கட்டும்."

மறுநாள் காலை ஆத்மநாதன் ஒரு சட்டியில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு ஊருணிக்குப் போனார். படிக்கு உயரம் ஆறங்குலமா ஏழங்குலமா என்று புஸ்தகத்தில் பார்த்துச் சொல்லலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. மருதாயியைக் கூப்பிட்டார்.

"ஆத்தா, ரெண்டு குடத்தையும் நெறைச்சுக்கிட்டு ஏறி வாங்க. எப்பவும் போல."

"எதுக்கு, என் நடைக்கும் படம் போடப் போறீகளா?"

"ஆமா."

அவள் தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக, தண்ணீர் தளும்பத் தளும்ப, வழுக்குச் சரிவில் ஏறினாள். அவள் கால் வைக்கிற இடத்திலெல்லாம் ஆத்மநாதன் பின்னாலேயே குனிந்து சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தார். மூக்கன் டேப்பைப் பிடித்தார். நான் நோட்டில் எழுதினேன்.

"அஞ்சரை" என்றார் மூக்கன். "அஞ்சரை. அஞ்சே கால்."

"அஞ்சே கால் எதுக்கு வந்துச்சு?" என்று ஆத்மநாதன் நிமிர்ந்தார்.

"அங்கிட்டு வரும்போது மூச்சு வாங்குது தம்பி" என்றாள் மருதாயி. "அந்த எடத்துல கொஞ்சம் அகலமாப் போடுங்க. குடத்த எறக்கி வெச்சு ரெண்டு வார்த்தை பேசணும்ல?"

ஆத்மநாதன் அந்த இடத்தில் கோட்டை அழித்துவிட்டு, மூன்றடி தள்ளிப் போட்டார்.